எனக்கு ஓட்டு இல்லீங்க

2019 மே மாதம், ஒரு சனிக்கிழமை காலையில், அயர்லாந்தில் என் வீட்டு வாசலில் வைத்து ஒரு அம்மாவுக்கு அவருடைய நாட்டுச் சட்டத்தை நான் சொல்லிக்கொடுத்தேன். இதை எழுதும்போதே காது சுடுகிறது.

கில்டேர் கவுண்டியில், விடிந்ததும் டப்ளினுக்கு ரயில் பிடிக்கிறவர்கள் நிறைந்த ஊர்களில் ஒன்று எங்களுடையது. மனைவிக்கு நர்ஸ் உத்தியோகம், எனக்குக் கணினி முன்னால் உட்காரும் உத்தியோகம். கவுண்டி கவுன்சில் தேர்தல் வந்திருப்பதே விளக்குக் கம்பங்களில் சிரித்துக்கொண்டிருந்த முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்தது. மைக் கிடையாது, வேன் கிடையாது. மழைக்கோட்டு மாட்டிய ஒரு ஆள் கையில் நோட்டீசோடு கதவைத் தட்டுவார், அவ்வளவுதான் பிரசாரம். அன்று தட்டியவர் மெயின் ஸ்ட்ரீட்டில் பூக்கடை வைத்திருக்கும் ஐம்பது வயது அம்மா, சுயேச்சை.

"மன்னிக்கணும், எனக்கு ஓட்டு இல்லீங்க. நான் இந்தியன்."

"இல்லையே, உங்களுக்கு உண்டே," என்றார்.

"குடியுரிமை வேண்டும் மேடம். உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்."

அந்த அம்மா தேர்தலில் நிற்கிறார் என்பதும், யாருக்கு ஓட்டு உண்டு என்பது அவருக்கு என்னைவிடத் தெரிந்திருக்கும் என்பதும் எனக்கு உறைக்கவில்லை. அவர் இரண்டாவது முறை சொல்லிப் பார்த்தார். நான் இரண்டாவது முறை திருத்தினேன். போகும்போது புன்னகைத்தார். 'புரிந்துகொண்டார்' என்று நினைத்தேன்.

மூன்று வருடம் கழித்து ஆபீஸ் கேன்டீனில் ஒரு மலையாளி நண்பர் போகிறபோக்கில் சொன்னார். அயர்லாந்தில் உள்ளாட்சிக்கு ஓட்டுப் போடக் குடியுரிமை தேவையில்லை. வயது 18 ஆகி, இங்கே குடியிருந்து, பட்டியலில் பெயர் இருந்தால் போதும். எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் வேட்பாளராகவே நிற்கலாம். நாடாளுமன்றத்துக்குத்தான் முடியாது. நான் பாதித் தோசையோடு எழுந்து கை கழுவப் போனேன்.

அடுத்த தேர்தல் 2024 ஜூன் 7. இந்த முறை பட்டியலில் பெயரை ஏற்றிவிட்டேன், கேள்விகளையும் தயாரித்துவிட்டேன். ஆனால் ஜன்னல் வழியாக அதே அம்மா, அதே மழைக்கோட்டில், எங்கள் வீட்டை நோக்கி வருவதைப் பார்த்ததும் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நாற்பத்து நான்கு வயது ஆள், வெளியிலிருந்து பாதம் இரண்டும் தெரிய, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அவர் நோட்டீசைக் கதவுத் துளையில் போட்டுவிட்டுப் போனார். 'நீங்கள் வீட்டில் இல்லாதபோது வந்திருந்தேன்' என்று அச்சடித்திருந்தது.

அந்த மே மாதம் முழுக்கக் கதவு தட்டலாகத்தான் போயிற்று. முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார், கட்சி வேட்பாளர். உள்ளூர்ப் பொருளாதாரம் வளர என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, பொருளாதாரத்தை விட்டுவிட்டு அதிகாரத்திலிருந்து ஆரம்பித்தார். 2014இல் ஊர் மன்றங்கள் எண்பதையும் ஒரே சட்டத்தில் கலைத்துவிட்டார்கள். நாடு முழுக்க மிஞ்சியது 31 கவுன்சில், 949 உறுப்பினர்கள். இந்தக் கவுண்டிக்கு நாற்பது பேர். ஐரோப்பாவிலேயே அதிகாரம் மேலே குவிந்து கிடக்கும் நாடுகளில் இதுவும் ஒன்று என்று ஐரோப்பிய கவுன்சிலின் உள்ளாட்சி அமைப்பே 2023இல் எழுதியிருக்கிறது. அன்றாட நிர்வாகம் தலைமை நிர்வாகி என்ற அதிகாரியிடம். தேர்ந்தெடுத்த உறுப்பினரிடம் இருப்பது பட்ஜெட்டை நிறைவேற்றுவது, எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்ற வளர்ச்சித் திட்டம், துணைவிதிகள், இப்படிச் சில. "சாவி அவரிடம், வசவு எங்களிடம்," என்றார் வாத்தியார். எனக்கு அந்த வரி மிகவும் பிடித்துப்போய் அடுத்த நாள் ஆபீசில் என் வரியாகவே சொல்லிவிட்டேன்.

இரண்டாமவர் இளைஞர், பளபளக்கும் ஷூ. மோட்டார்வே ஓரத்து நிலத்தைத் தொழிலுக்கு ஒதுக்க வேண்டும், பெரிய கம்பெனி வர வேண்டும், டேட்டா சென்டர் வர வேண்டும் என்றார். லேக்ஸ்லிப்பைப் பாருங்கள், 1989இல் இன்டெல் வந்ததும் இந்தக் கவுண்டியின் தலையெழுத்தே மாறவில்லையா என்றார். நானும் ஐடிக்காரன், விடாமல் தலையாட்டினேன். பின்னால் நின்ற என் பையன், "டேட்டா சென்டர்ல எத்தனை பேர் வேலை செய்வாங்க?" என்று கேட்டான். ஷூக்காரர் என்னைப் பார்த்தார். துறைக்காரன் என்ற முறையில் நான் பதில் சொல்லியிருக்கலாம். கட்டி முடித்தபின் அத்தனை பெரிய கொட்டகைக்கு ஆள் கொஞ்சம்தான் தேவைப்படும், மின்சாரத்தைத்தான் குடிக்கும். 2023இல் நாட்டின் மீட்டர் மின்சாரத்தில் 21 சதவீதம் அவற்றுக்கே போயிற்று. இதெல்லாம் தெரிந்திருந்தும் பையனை, "உள்ள போய் ஹோம்வொர்க் பண்ணு" என்று விரட்டினேன். இன்டெல்லைக் கூட்டிவந்ததில் பெரிய பங்கு அரசின் ஐடிஏ முகமைக்கு, கவுன்சிலுக்கு அல்ல என்பதும் ஷூக்காரரிடம் நான் சொல்லாமல் விட்டதில் சேரும்.

மெயின் ஸ்ட்ரீட் அம்மா இரண்டாவது முறை வந்தபோது ஒளிய வழியில்லை. இரண்டு கையிலும் தோசை மாவு.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. இந்த ஊர்க் குளிரில் மாவு தானாகப் புளிக்காது. வீடுகளில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியை ஹாட் பிரஸ் என்பார்கள், துணி உலர்த்தும் இடம். அதுதான் எங்கள் மாவுக்குப் பிரசவ வார்டு. அன்று மாவு பொங்கி வழிந்து, மனைவியின் மடித்த யூனிபார்ம் மூன்றின்மேல் இறங்கியிருந்தது. அதை வழித்துக்கொண்டிருக்கும்போதுதான் கதவு தட்டப்பட்டது.

அவருக்கு என்னை ஞாபகம் இருந்தது. "இப்போதாவது ஓட்டு இருக்கிறதா?" என்றார்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து, போனில் எழுதிவைத்திருந்த கேள்விகளைக் கேட்டேன். குடும்ப டாக்டர் புதுப் பேஷன்ட் எடுப்பதில்லை, என்ன செய்வீர்கள்? அது சுகாதாரத் துறை. பள்ளியில் சீட்? கல்வித் துறை. குழாயில் தண்ணீர் நூலாக வருகிறதே? தண்ணீரைக் கவுன்சிலிடமிருந்து எடுத்துத் தேசிய நிறுவனத்துக்குக் கொடுத்துப் பத்து வருடமாகிறது. பஸ்? தேசியப் போக்குவரத்து ஆணையம். விசா புதுப்பிக்கும் க்யூ? அவர் சிரிக்கவில்லை, அதுதான் கொடுமை. ஒவ்வொன்றுக்கும் யாரிடம் போக வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். கடைசியில், "கவுன்சில் சம்பந்தமாக ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். போனைத் தள்ளிப் பார்த்தேன். பட்டியல் முடிந்துவிட்டிருந்தது.

வெறும் ஆளாகத் தெரியக்கூடாதே என்று சொத்து வரியைப் பிடித்தேன். அதிகம், குறைக்க வேண்டும் என்றேன். அதே மூச்சில் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல் போதாது என்றும் சொன்னேன். "இரண்டில் எது?" என்றார். வீட்டு வரியை 1978இல் ஒரு தேர்தல் வாக்குறுதிக்காக ஒழித்தார்கள். அதிலிருந்து கவுன்சில்கள் டப்ளினைப் பார்த்துக் கையேந்தி நிற்கின்றன. 2013இல் சொத்து வரி வந்தபிறகு அதை ஒரு வரம்புக்குள் ஏற்றவோ இறக்கவோ உறுப்பினர்களுக்கு உரிமை உண்டு என்று விளக்கினார். அப்படி மாற்றும் முன் ஊராரிடம் கருத்துக் கேட்பார்கள். "நீங்கள் எழுதினீர்களா?" எழுதவில்லை. அப்படி ஒன்று நடக்கிறது என்பதே அன்றுதான் தெரியும்.

அவருடைய கட்சி அவருடைய கடைதான். வீட்டுக்கு வரி போனாலும் கடைக்கு ரேட்ஸ் போகவில்லை. கடை இடத்துக்கு அரசு ஒரு மதிப்புப் போடும். அதைக் கவுன்சில் ஆண்டுதோறும் நிர்ணயிக்கும் எண்ணால் பெருக்கினால் ரேட்ஸ். அன்று ஒரு பூங்கொத்துக்கூட விற்காவிட்டாலும் கட்ட வேண்டும். மெயின் ஸ்ட்ரீட்டில் பூட்டிக் கிடக்கும் கடைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார், யார் வைத்திருந்தது, எந்த வருடம் மூடியது என்று. பெரிய கம்பெனி வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே வேலை செய்கிறவன் மாலையில் ரொட்டி வாங்க ஊருக்குள் ஒரு கடை வேண்டாமா என்றார். சதுக்கத்தில் வாரச் சந்தை திரும்ப வேண்டும், அதற்கு வியாபாரிகளுக்குச் சுலபமாக உரிமம் கிடைக்க வேண்டும் என்றார்.

இங்கேதான் நான் வாயை மூடியிருக்க வேண்டும். "நான்கூட ஒரு தோசைக் கடை போடலாம் என்றிருக்கிறேன்," என்றேன்.

உண்மைதான், போட நினைத்தேன். ஒவ்வொரு கவுன்சிலிலும் இருக்கும் உள்ளூர்த் தொழில் அலுவலகம் நடத்தும் 'சொந்தத் தொழில் தொடங்குங்கள்' வகுப்புக்குப் போனேன். சின்ன நிறுவனங்களுக்கு வழிகாட்டுவதும் மானியம் பார்த்துத் தருவதும் அவர்கள் வேலை. முதல் நாள், உங்கள் வாடிக்கையாளர் யார் என்ற கட்டத்தில், 'எல்லோரும்' என்று எழுதினேன். வரவு செலவுக் கணக்கில் கேஸ், மாவு, தேங்காய், கூடாரம் எல்லாம் இருந்தன. சட்னி அரைக்கப்போகும் மனைவியின் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கும் இல்லை. வீட்டில் அந்தத் தாளைக் காட்டியபோது, "ஏங்க, இதுல என் சம்பளம் எங்க?" என்றாள். தொழில் அன்றோடு நின்றது. தெருவில் கடை போட கவுன்சில் உரிமம் வேண்டும், எந்த இடத்தில் போடலாம் என்பதைத் துணைவிதியாக நிறைவேற்றுவது உறுப்பினர்கள்தான் என்பதெல்லாம் அந்த அம்மா சொல்லித்தான் தெரிந்தது. ஆக, நான் ஒரு உறுப்பினரிடம் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி, என் போனில் இல்லாத அந்த ஒன்றுதான்.

"ஒரு தோசை சாப்பிடலாமா?" என்றார். முதலாவது கல்லோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது வந்தது, இந்திய வரைபடத்தில் குஜராத் மட்டும் மிஞ்சியதுபோல. நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, "சந்தை வந்தால் சொல்கிறேன்," என்றார். வேறு ஏதாவது? அவமானத்தில் வாயில் வந்தது: "தெருவிளக்கு எரியவில்லை." உடனே நோட்டை எடுத்தார். அது கவுன்சில் வேலைதான்! கம்பத்தில் நம்பர் தகடு இருக்கும், என்ன நம்பர் என்று கேட்டார். மழையில் இறங்கிப் போகச் சோம்பல். மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "18" என்று கத்தினேன்.

ஒரு வாரத்தில் பின்தெருவில் ஒரு விளக்கு மாற்றினார்கள். எங்கள் தெரு இருட்டாகவே இருந்தது.

தேர்தல் அன்று ஆரம்பப் பள்ளியில் ஓட்டு. எனக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். முன்னால் நின்றவர் கையில் வேறு நிறத்தில் இன்னொன்றும் இருந்ததைப் பார்த்து, எனக்கும் ஒன்று வர வேண்டும் என்று கேட்டேன். அது ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு, உங்களுக்குக் கிடையாது என்றார் அந்தப் பெண், தாழ்ந்த குரலில். ஐந்து வருடம் முன்பு இருக்கும் ஓட்டை இல்லை என்றேன், இன்று இல்லாத ஓட்டைக் கேட்கிறேன்.

இங்கே முத்திரை குத்துவதில்லை. வேட்பாளர் பெயருக்கும் படத்துக்கும் எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். நம் முதல் ஆள் எண்ணிக்கையில் விழுந்துவிட்டால் ஓட்டு இரண்டாமவருக்குப் போகும். இதன் நுணுக்கத்தை ஆபீசில் வெள்ளைப் பலகையில் படம் போட்டு நான் விளக்கியிருக்கிறேன், ஐரிஷ்காரர்களுக்கே. ஆனால் அந்தச் சின்னத் தடுப்புக்குள், கயிற்றில் கட்டிய பென்சிலோடு நின்றபோது ஊர்ப் புத்தி வந்துவிட்டது. 2 என்று இன்னொருவருக்கு எழுதினால் அந்த அம்மாவுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருந்தது. 1 மட்டும் போட்டு மடித்துப் பெட்டியில் போட்டேன். எட்டாவது சுற்றில் அவர் வெளியேறினார். அவர் ஓட்டுகள் வாத்தியாருக்கும் ஷூக்காரருக்கும் பிரிந்து போக, என்னுடையது யாருக்கும் போகாத கட்டில் போய் உட்கார்ந்தது.

போஸ்டர்களை வாக்குப்பதிவு முடிந்து ஏழு நாளுக்குள் எடுக்காவிட்டால் அபராதம். ஆறாம் நாள் மாலை ஏணியோடு அவரே வந்தார், எங்கள் வீட்டு எதிர்க் கம்பத்துக்கு. ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"என் நம்பர் ஒன் உங்களுக்குத்தான்," என்றேன்.

"தெரியும். உங்கள் நம்பர் டூ யாருக்கு?"

"வாத்தியாருக்கு," என்று பொய் சொன்னேன்.

கேபிள் டையைக் கத்தரித்துத் தன் முகத்தை என்னிடம் இறக்கிக் கொடுத்தார். பிறகு ஏணியிலேயே நின்றபடி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தகட்டைக் கட்டைவிரலால் துடைத்து, ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். 13. மேலிருந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்து, 18ஐ அடித்துவிட்டு எழுதிக்கொண்டார்.