மலைப்பாதையில் ஜப்பானியச் சித்திரக்கதை: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலை ஏறும் பிரயாணி, வழியில் படிப்பதற்கென ஜப்பானியச் சித்திரக்கதை வாங்கும் விஷயம், இதுகாறும் மெய்யான ஆராய்ச்சியின் கருணைக்குப் பாத்திரமாகாமல் கிடப்பது பெரும் நஷ்டமாகையால், இச்சிறு வியாசத்தை எழுதத் துணிந்தேன்.

கிடைக்குமிடம்: போடியில் யான் கண்டதில்லை. விலை: மேற்படி.

ஜப்பான் புத்தகம் கேட்பவரிடம் பழைய புத்தகக் கடைக்காரர் சிவகாசி முத்து காமிக்ஸை எடுத்து நீட்டினால், அதனை ஏமாற்று எனல் தகாது. ஏனெனில், சிவகாசியில் முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி வெளிவந்த அதே 1972இல்தான், ஜப்பானில் ஒசாமு தெசுகா புத்தரின் சரிதத்தைச் சித்திரக்கதையாகத் தொடங்கினார்; இவ்வொற்றுமை ஒன்றே இரு தேசங்களுக்கும் புராதனத் தொடர்பு நாட்டப் போதும். மாயாவி இங்கிலாந்திலிருந்து வந்தவர் என்னும் உண்மை இக்கொள்கைக்கு இடையூறாதலின், அதனை அடிக்குறிப்பில் புதைப்பதே நம் ஆராய்ச்சி மரபு.

இனிப் பிரதான விஷயம். ஜப்பானியச் சித்திரக்கதை வலமிருந்து இடமாகப் படிக்கப்படுவது. ஏலமலை ஏறும் போடிமெட்டுச் சாலையோ 17 கொண்டை ஊசி வளைவுகளை உடையது. அவை மாறி மாறி இருபுறமும் திரும்புவதாகக் கொண்டால், 17 ஒற்றைப்படையாதலின், ஒருபுறம் ஒன்பதும் மறுபுறம் எட்டுமாக நிற்கும். பேருந்து இடம் திரும்புகையில் கண்ணும் இடம் ஓடினால் படிப்பு சுகப்படும். ஆகவே ஏற்றத்தில் இடவளைவு ஒன்பதாயின், இறக்கத்தில் வலவளைவே ஒன்பதாகிவிடுமாதலால், ஏறுகையில் ஜப்பானியமும் இறங்குகையில் தமிழும் படிப்பதே விதி என்பர் ஏற்றவாதிகள். இறக்கவாதிகள் இதனை அப்படியே தலைகீழாக்கி, அதற்கும் அதே பிரமாணங்களைக் காட்டுவர். அவையாவன: நடத்துனர் வாய்மொழி, அதனை மறுத்த ஓட்டுநரின் முறைப்பு, அம்முறைப்புக்கு உரையாக, ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் காய் எடுக்கப் போகும் அம்மாள் ஒருவர் சிரித்த சிரிப்பு, அச்சிரிப்புக்கு அவர் மருமகள் தேநீர்க்கடைச் சீட்டின் பின்புறத்தில் எழுதாமல் விட்ட விளக்கவுரை, இரண்டாம் பதிப்பு, எண்ணெய்க்கறைக்கு மேற்பகுதி.

இரு சாராருள் எவரும் மலையேறிப் பார்த்தவரல்லர். முன்னவரைப் பின்னவரும் பின்னவரை முன்னவரும் மேற்கோள் காட்டியே இருவரும் பட்டம் பெற்றனர். மலையேறியிருந்தால் ஒரு தரப்பின் பட்டம் போயிருக்கும்.

நேரில் சோதிக்க விழையும் வாசகர், 2023 ஜூன் முதல் போடிக்கு ஓடும் ரயிலில் சென்னை சென்ட்ரலில் ஏறுமுன்பே புத்தகத்தை வாங்கிக்கொள்க. வாயிலிட இரண்டு ஏலக்காயும், கையோடு ஒரு காகித உறையும் எடுத்துச் செல்க. ஐந்தாம் வளைவில் உறை தேவைப்படும்.