ஊதினால் ஓடும், துண்டு போர்த்தினால் பிழைக்கும்!

● நீங்கள் விளையாடிய முதல் கேம் மெஷின் எது? அது எப்படி மண்டையைப் போட்டது?
– ஸ்கூடாய் வாசகர்

மைக்ரோ ஜீனியஸ். 1983-இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமைப் பார்த்துத் தைவான்காரர்கள் செய்த நகல். அன்றைக்கு நம் தாமான் பிள்ளைகளில் பலர் அசலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எங்களுக்கு நகல்தான் அசல். கேசட்டைச் செருகுவோம், திரை வெறுமையாகச் சிமிட்டும். உருவி எடுத்து, மவுத் ஆர்கன் வாசிப்பதுபோல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஊதிவிட்டுச் செருகினால் படம் வந்துவிடும். தெருவில் நன்றாக ஊதுகிற பையனுக்குத் தனி மரியாதை.

படம் வந்தது ஊதியதால் அல்ல. உருவிச் செருகும்போது பின்கள் ஒன்றோடொன்று உரசி, மேலே படிந்த களிம்பு உரிந்துபோகிறது. வேலை செய்தது அந்த உரசல். ஊதியதால் கிடைத்தது எச்சில் ஈரம். அடுத்த மாதக் களிம்புக்கு அஸ்திவாரம். 'ஊதாதீர்கள்' என்று நிண்டெண்டோவே பிற்பாடு சொல்லிவிட்டது. ஜொகூர்க் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு நம் உபயம் வேறு எதற்கு?

எங்கள் வீட்டு மெஷின் சாகவில்லை, அதன் அடாப்டர்தான் செத்தது. பள்ளி விடுமுறை, காலையிலிருந்து ஓயாத ஓட்டம், கருகிய வாடை. அப்பா வந்து மோந்து பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், போச்சா?" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவர் துக்கம் விசாரித்து நான் பார்த்ததே இல்லை.

● என் மாமா அந்தக் காலத்தில் பிளேஸ்டேஷனைக் கவிழ்த்துப் போட்டு விளையாடினாராம். உண்மையா, விட்ட கதையா?
– குளுவாங் கல்லூரி மாணவி

உண்மை. 1994 டிசம்பரில் ஜப்பானில் இறங்கிய முதல் மாடல்களில் லேசர் லென்ஸ் சறுக்கிப் போகும் பாதை பிளாஸ்டிக். பக்கத்திலேயே சூடு கக்கும் பவர் சப்ளை. பிளாஸ்டிக் தேயத் தேய லென்ஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தட்டில் இருப்பதைப் படிக்க முடியாமல் திணறும். கவிழ்த்துப் போட்டால் பாரம் மறுபக்கம் விழுந்து லென்ஸ் கொஞ்ச நாளைக்கு நிமிர்ந்து நிற்கும். பிறகு வந்த மாடல்களில் சோனி லென்ஸைப் பவர் சப்ளையிடமிருந்து தள்ளி வைத்தது. தலைகீழாக நின்றாவது விளையாடுவேன் என்ற தலைமுறை அம்மா அது, மாமாவை மதியுங்கள்.

● எக்ஸ்பாக்ஸ் 360-இல் மூன்று சிவப்பு விளக்கு எரிந்தால் துண்டு சுற்றி வைத்தால் சரியாகிவிடும் என்று நண்பன் சொல்கிறான். செய்யலாமா?
– மூவார் வாசகர்

காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்தி வெயிலில் நிறுத்துகிற வைத்தியம். ஆனால் உங்கள் நண்பன் பொய் சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை.

2005 நவம்பரில் வந்த மெஷின் அது. உள்ளே இருக்கும் சிப் விளையாடும்போது கொதிக்கும், அணைத்தால் ஆறும். விரிவது, சுருங்குவது, மறுபடி விரிவது. தினமும் இதே கூத்து நடந்தால் சிப்புக்குள் இருக்கும் மயிரிழை இணைப்புகள் விரிசல் விடும். அப்போதுதான் அந்த மூன்று சிவப்பு விளக்கு. துண்டைச் சுற்றிச் சூட்டை அடைத்து வைத்தால் உலோகம் இன்னும் விரிந்து, விரிசலின் இரண்டு கரையும் தொட்டுக்கொள்ளும். மெஷின் எழுந்து உட்காரும். நண்பர்கள் கை தட்டுவார்கள். கொஞ்ச நாளில் ஒரேயடியாகப் படுத்துவிடும். நடுவில் தீப்பிடிக்காமல் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

மைக்ரோசாஃப்ட் 2007 ஜூலையில் இந்த ஒரு கோளாறுக்காகவே வாரண்டியை 3 ஆண்டுக்கு நீட்டித்தது. அதற்கு ஒதுக்கிய தொகை 100 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல். ஆனால் இணைப்பு விரிசலைப் பற்றி அவர்களே மனம்விட்டுப் பேசியது 2021-இல், தங்கள் ஆவணப்படத்தில். அதோடு நிற்கவில்லை. அந்தச் சிவப்பு விளக்கையே போஸ்டராக அடித்து விற்றார்கள். கடன்காரன் தன் கடன் பத்திரத்தைச் சட்டம் போட்டு விற்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உங்கள் மெஷின் 'சிப் மாற்றிய' மெஷின் என்றால் அந்த வாரண்டி அன்றைக்கே செல்லாது. அஞ்சு வெள்ளி திருட்டு டிவிடிக்கு ஆசைப்பட்டுத் திறந்த மூடி அது.

● மகன் கையை எடுத்த பிறகும் அவனுடைய நிண்டெண்டோ ஸ்விட்ச்சில் ஆள் தானாக நடக்கிறான். மாமியார் வேப்பிலை தேடுகிறார்!
– மாசாய் அம்மா

கறிவேப்பிலை என்றால் ரசத்துக்காவது ஆகும். ஜாய்ஸ்டிக் குச்சிக்கு அடியில் ஒரு கரிப் பட்டை இருக்கிறது. அதன்மேல் சிறு உலோகக் கால் தேய்த்துத் தேய்த்து நகர்கிறது. பட்டை தேய்ந்துவிட்டால், சும்மா நிற்கும் குச்சியைப் பார்த்து மெஷின் 'இடது பக்கம் தள்ளுகிறான்' என்று நம்பிவிடும். 2017-இல் ஸ்விட்ச் வந்ததிலிருந்து உலகம் முழுக்க இதே புலம்பல். நிண்டெண்டோ தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா 2020 ஜூனில் பங்குதாரர்கள் முன் மன்னிப்புக் கேட்டார். இப்போது உரசலே இல்லாமல் காந்தத்தால் இயங்கும் குச்சிகள் தனியாகக் கிடைக்கின்றன. ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த தம்பி ஒருவர் போதும், மந்திரவாதி வேண்டாம்.

● இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கு என்று பாட்டி கத்துகிறார். சுவிட்சை அணைத்தால் போதாதா?
– கூலாய் பள்ளி மாணவன்

பாட்டி சொல்வதைக் கேள். மேகத்திலிருந்து மைல் கணக்கில் தாண்டி வருகிற மின்னலுக்கு, உன் சுவிட்சுக்குள் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளி ஒரு தடையா? உலகில் இடி மின்னல் அதிகம் விழும் நாடுகளில் நம்முடையதும் ஒன்று.

ஸ்ட்ரீமிக்ஸ் இணையம் ஓடிய காலத்தில் இன்னொரு வாசலும் திறந்து கிடந்தது: டெலிபோன் கம்பி. எங்கள் வீட்டில் ஒரு மாலை எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருந்தோம். தொலைவில் ஓர் இடி. கம்பி வழியே வந்தது மோடத்தைச் சுட்டு, அங்கிருந்து நெட்வொர்க் கேபிளைப் பிடித்து மதர்போர்டுக்குப் போய் மாமன் வீட்டு விருந்தாளியாக உட்கார்ந்துகொண்டது. மோடத்தின் அடிப்பக்கம் பழுப்பாக, ஐம்பது காசு அகலத்துக்கு உருகியிருந்தது. இப்போது வருவது கண்ணாடி இழை, அதில் மின்சாரம் ஏறாது. ஆனால் ரௌட்டருக்கும் ஓர் அடாப்டர் இருக்கிறதே, அதை மறக்காதே.

சர்ஜ் புரொடெக்டர் வாங்கிவிட்டேன் என்று அப்பா சொல்வார். நல்லது. அதன் உள்ளே இருக்கும் பாகம் ஒவ்வோர் அடியையும் தானே வாங்கித் தேய்கிறது. பத்து வருடப் பழசு வெறும் எக்ஸ்டென்ஷன் வயர். 'இ.எல்.சி.பி. இருக்கிறதே' என்பார் பெரியப்பா. அது ஷாக்கடிக்காமல் ஆளைக் காப்பாற்றத்தான், கம்ப்யூட்டரைக் காப்பாற்ற அல்ல. ஒன்று மட்டும்: இடி தலைக்குமேல் வந்த பிறகு ஓடிப்போய்ப் பிடுங்காதே. வானம் கறுக்கும்போதே பிடுங்கு.

● வெள்ளத்தில் நனைந்த கம்ப்யூட்டரை அரிசியில் புதைத்து வைக்கலாமா?
– கோத்தா திங்கி வாசகர்

கம்ப்யூட்டருக்கு எத்தனை மூட்டை வாங்குவீர்கள்? கைப்பேசியைக்கூட அரிசியில் போடாதீர்கள் என்று ஆப்பிளே சொல்லிவிட்டது. தவிட்டுத் தூள் உள்ளே போவதுதான் மிச்சம்.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து இரண்டு வெள்ளம் பார்த்த ஊர் உங்களுடையது. 2023 மார்ச்சில் யோங் பெங்கும் பத்து பகாட்டும் மிதந்தன. ஆகவே விவரமாகவே சொல்கிறேன். மெஷினைக் கொல்வது தண்ணீர் மட்டுமல்ல. 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று நாம் அழுத்துகிற பொத்தானும்தான். ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால்தான் ஷார்ட். பிளக்கைக் கழற்றி, லேப்டாப் என்றால் பேட்டரியையும் கழற்றி, போர்டில் இருக்கும் சேற்றை நல்ல தண்ணீரில் அலசி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஊற்றித் துடைத்து, நாள் கணக்கில் காயவிடுங்கள். ஆறு விட்டுப்போகும் வண்டல் காய்ந்து கெட்டியானால் கஷ்டம். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் திறக்கவும் வேண்டாம், ஓட்டவும் வேண்டாம். கல்யாண வீடியோ உள்ளே இருந்தால் தரவு மீட்பவரிடம் அப்படியே கொடுங்கள்.

வெள்ளம் நம் வீட்டுக்கு வராமலும் அடிக்கும். 2011 அக்டோபரில் தாய்லாந்தில் வெஸ்டர்ன் டிஜிட்டல் தொழிற்சாலை முழுகியது. உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க் விலை மளமளவென்று ஏறியது. பாங்காக் பக்கம் மழை பெய்தால் ஜொகூர் பாருவில் பாக்கெட் நனைகிறது.

● கடைக்காரர் 'மதர்போர்டு போச்சு' என்கிறார். நம்பலாமா?
– பாசிர் கூடாங் தொழிலாளி

போயிருக்கலாம். கடைக்காரரின் கார்த் தவணையும் வந்திருக்கலாம். கொஞ்சம் பொறுங்கள் அண்ணே. ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மறுபடி செருகிப் பாருங்கள். (மைக்ரோ ஜீனியஸ் வித்தைதான், ஊதல் இல்லாமல்.) போர்டில் நிற்கும் சின்ன உருளைகளின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும்; உப்பியோ கசிந்தோ இருந்தால் கெப்பாசிட்டர் காலி. 2000-களின் தொடக்கத்தில் மட்டமான கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் பரவி, டெல் கம்பெனிக்கே 30 கோடி டாலர் செலவு வைத்தன.

எனக்கு ஒரு கடையில், பெயர் வேண்டாம், போர்டு மாற்ற நானூறு வெள்ளி கேட்டார்கள். இன்னொரு கடை ஆப்பேக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கடிகாரம் ஏன் 2002 காட்டுகிறது என்று கேட்டார், சி.ஆர். 2032 பட்டன் பேட்டரியை நெம்பி எடுத்து வேறு ஒன்றைப் போட்டார். மெஷின் 'பீப்' என்றது. சம்பளத்துக்குப் பதிலாகத் தே தாரே கேட்டார்.

ஏமாற்றப்பட்டதற்கு ரசீது இருந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுவுக்கு 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வக்கீல் கிடையாது. ரசீது மடித்து வைக்காதவருக்கு மட்டும் நீதி கிடையாது.

● கூலாயில் இத்தனை டேட்டா சென்டர் வந்துவிட்டதே, அங்கே மெஷின் எதுவும் கெட்டுப்போகாதா?
– செனாய் வாசகி

தினமும் கெட்டுப்போகும். ஆயிரக்கணக்கில் டிஸ்க் ஓடும் இடத்தில் சாவு இல்லாத நாள் ஏது? ஒப்பாரிதான் கிடையாது, ஏனென்றால் அதே தகவலுக்கு வேறு இடத்தில் பிரதி இருக்கிறது. நம் வீட்டில் ஒரே ஒரு டிஸ்க், அதில் பத்து வருடப் படங்கள்.

● பல்லி விழும் பலன் பஞ்சாங்கத்தில் உண்டு. பவர் சப்ளைக்குள் விழுந்தால் என்ன பலன்?
– லாபிஸ் வாசகர்

பல்லிக்கு மரணம், உமக்குத் தன விரயம். 1947 செப்டம்பரில் ஹார்வர்டின் மார்க் 2 கணினியில் ரிலேக்குள் ஓர் அந்துப்பூச்சி சிக்கி, அதை டேப் போட்டுப் பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள். அமெரிக்காவில் அது அருங்காட்சியகத்துக்குப் போனது. நம்முடையது குப்பைத் தொட்டிக்கு.

● ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கலாமா?
– சிகாமட் இல்லத்தரசி

தாராளமாக. காற்றுப் போகும் துளையை விட்டுவிட்டு வையுங்கள். சாம்பிராணியை மட்டும் தள்ளிக் காட்டுங்கள். அந்த விசிறி பக்தியோடு உள்ளே இழுத்துக்கொள்ளும்.

● கணவருக்குப் பிறந்தநாள். பிளேஸ்டேஷன் 5 வாங்கித் தந்தால் எத்தனை வருடம் உழைக்கும்?
– உலு திராம் வாசகி

தூசி தட்டி வைத்தால் மெஷின் பல வருடம் உழைக்கும். கணவர்?