24 மணி நேரக் கெடு

“தங்களுடைய பணப் பரிமாற்றக் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது, 24 மணி நேரத்துக்குள் கீழ்க்கண்ட இணைப்பை அழுத்தாவிடில் நிரந்தரமாக மூடப்படும்” என்று இன்று காலையிலும் ஒரு மின்னஞ்சல் வந்து என் காப்பியைக் கெடுத்தது. பென்ஷன் வந்த நாலாம் நாளே தானாக முடங்கிவிடும் சுபாவமுள்ள கணக்கை முடக்க ஓர் அந்நியர் இவ்வளவு சிரமப்படுவானேன்?

இத்தகைய போலிகளின் லட்சணங்களை வரிசையாக எழுதிவிடுவதென்று உட்கார்ந்தேன். முதல் லட்சணம் அவசரம். மெய்யான ஸ்தாபனம் எதுவும் வாடிக்கையாளர் விஷயத்தில் அவசரப்பட்டு நான் கண்டதில்லை. கடலூர் முதுநகரில் நான் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்குப் பாஸ்புக்கில் வரவு போடப் போனால், இயந்திரத்தில் மை இல்லை என்பார்கள். மை வந்த தினம் இயந்திரமே பழுது என்பார்கள். மையும் இயந்திரமும் ஒருசேர வாய்த்த அபூர்வ முகூர்த்தத்தில் ‘சர்வர் டவுன்’ என்பார்கள். சர்வர் எழுந்து உட்கார்ந்ததும் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். சாப்பிட்டு வந்தவர், என் இனிஷியல் ஆதாரில் முன்னேயும் பாஸ்புக்கில் பின்னேயும் இருப்பதைக் கண்டுபிடித்து, “கணக்கு ஆரம்பிச்சது சிதம்பரத்திலதானே சார், அங்கேயே எழுதிக் கொடுங்க” என்பார். சிதம்பரத்திலோ, கணக்கு இப்போது முதுநகரில் இருக்கிறதென்று திரும்பப் பஸ் ஏற்றிவிடுவார்கள். இத்தனை சாவதானம் பொருந்திய ஸ்தாபனம், விடியுமுன் எழுந்து, என் க்ஷேமத்தை உத்தேசித்துக் கெடு வைத்துக் கடிதம் எழுதுகிறதென்றால் பச்சைக் குழந்தையும் நம்பாது.

2022 வாக்கில், மின்வாரியத்தின் பெயரால் ‘இன்றிரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும்’ என்று ஊரெல்லாம் குறுஞ்செய்தி அனுப்பினார்களே, அவர்களுக்கும் இதே அவசர வியாதிதான். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்துப் போனபின் வாரக்கணக்கில் மண்ணெண்ணெய் விளக்கில் சாப்பிட்ட கடலூர்க்காரனை, ஒரு ராத்திரி இருட்டைக் காட்டி மிரட்டுவதற்கு எவ்வளவு அறியாமை வேண்டும்!

அடுத்தது முகவரி. வங்கிகளெல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் ‘.பேங்க்.இன்’ என்று முடியும் வலைமுகவரிக்கு மாற வேண்டுமென்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த வாலைப் பார்த்தே வங்கியை இனம் காணலாமென்று சந்தோஷப்பட்டால், பணம் அனுப்பும் செயலிக்காரர்கள் எல்லோரும் வங்கிகளல்லர். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் வேண்டியதில்லை என்பதும், ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டுமென்பதும் தாங்கள் அறிந்ததே.

மூன்றாவது லட்சணத்தைத் தொடங்குகையில் மெய்யான வங்கியிடமிருந்தே ‘கே.ஒய்.சி. புதுப்பிக்க இங்கே அழுத்தவும்’ என்று வந்தது. எந்த இணைப்பையும் அழுத்தலாகாதென்று போன வாரம் உபதேசித்ததும் இதே வங்கிதான். காகிதங்களை எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன்.

“லிங்க் அனுப்பினோமே சார், அழுத்தலையா?” என்றார் கவுண்டரில் இருந்தவர்.