காத்து கருப்பிலிருந்து 14416 வரை

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டால், சோற்றைத் தள்ளிவைத்தால், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதால், அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரே பதில்தான் தெரியும். “புள்ளைக்குக் காத்து கருப்பு அடிச்சிருக்கு.” விழுப்புரம் மாவட்டத்துக் கிளியனூரிலும் அதுதான், மரக்காணத்து உப்பளக் குடியிருப்புகளிலும் அதுதான். வேப்பிலை அடிப்பார்கள், மந்திரித்த கயிறு கட்டுவார்கள். அதற்கும் கேட்காவிட்டால் வாத்தியாரின் பிரம்பு.

என்னோடு படித்த ஒருத்திக்கு அம்மா இறந்துபோனாள். அதன் பிறகு அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மா இல்லை என்பது வாத்தியாருக்குத் தெரியும். ராத்திரியில் தூங்காமல் விழித்துக் கிடக்கிறாள் என்பது பாட்டிக்குத் தெரியும். தட்டில் வாங்கிய சோற்றை அப்படியே கொட்டிவிடுகிறாள் என்பது சத்துணவு ஆயாவுக்குத் தெரியும். மூன்று பேரும் அவள்மேல் பாசமாகத்தான் இருந்தார்கள். ஆனால் தாங்கள் கண்டதை ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் பஸ் ஏறினால் கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை. காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் அங்கே போய்வந்த ஊர், மனக் கஷ்டத்துக்கும் அங்கே மருத்துவர் இருக்கிறார் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

2004 டிசம்பர் 26-இல் வந்த சுனாமி மரக்காணம் கடற்கரைக் குப்பங்களையும் அடித்தது. அதற்குப் பிறகுதான் குழந்தையின் பயத்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் பலர் வாய்திறந்து பேசக் கேட்டேன். பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற மனநல நிறுவனங்கள் தமிழகக் கடலோரத்தில் ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் பயிற்சி கொடுத்தன. பிள்ளைகளைப் படம் வரையச் சொல்வது, விளையாட விடுவது, பொறுமையாகக் காது கொடுப்பது, இவைதான் அந்தப் பயிற்சியின் சாரம். மருந்தைவிட முதலில் வேண்டியது பக்கத்தில் உட்காரும் மனுஷர் என்பது அப்போது பலருக்கு விளங்கியது. நிவாரணப் பணிகள் ஓய்ந்ததும் அந்தப் பேச்சும் ஓய்ந்துபோனது எனக்கு இன்றும் வருத்தம்.

இன்றைக்கு வசதிகள் நிறைய. மாணவர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க, பொதுத்தேர்வில் மாநில முதலிடம் அறிவிக்கும் வழக்கத்தை 2017-இல் தமிழக அரசு நிறுத்தியது. மனநலப் பராமரிப்புச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. 2022 அக்டோபரில் 14416 என்ற இலவச மனநல உதவி எண் வந்தது. மாணவர்களுக்கு 14417 இருக்கிறது, குழந்தைகளுக்கு 1098. மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் எல்லோரும் இருக்கிறார்கள். இவை எல்லாம் பெரிய காரியங்கள். மனமார வரவேற்கிறேன்.

ஆனால் எண்ணை அழைக்கப் பிள்ளையின் கையில் போன் வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு விடியுமுன்னே உப்பளத்துக்குப் போய்விடுகிறது. மழைக்காலத்தில் உப்பு வேலை கிடையாது, கடன் ஏறும், வீட்டில் சண்டையும் ஏறும். பிள்ளைகளின் முகம் வாடுவது அந்த மாதங்களில்தான். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் பலரின் உயிரைப் பறித்தது. அப்படி அப்பாவை இழந்து ஜூனில் வகுப்புக்குள் நுழையும் பிள்ளையிடம் என்ன பேசுவது, யாரிடம் அனுப்புவது என்று ஆசிரியருக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டாமா?

சேர்ந்து செய்வது எங்களுக்குப் புதிதல்ல. கொரோனாவில் விட்டுப்போன படிப்பை மீட்க, 2021 அக்டோபர் 27-இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கியதே மரக்காணம் ஒன்றியம் முதலியார்குப்பத்தில்தான். சாயந்திரமானால் அக்கம்பக்கத்து இளைஞர்கள் தன்னார்வலர்களாகப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடம் சொன்னார்கள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையும் தெருத் திண்ணையில் பாடம் சொல்லும் அக்காவிடம் பேசும். அந்தத் தன்னார்வலருக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் ஒரே பிள்ளையைத்தான் தெரிகிறது. மூவரும் பேசிக்கொண்டால் உளவியலாளரின் வேலை பாதி முடிந்தது போலத்தான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பத்துப் பேர் நடுவே பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசினால் ஊர் அதைப் பட்டப்பெயராக்கிவிடும். தெரியவேண்டியவர்களுக்கு மட்டும், பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கேட்டுக்கொண்டு சொல்ல வேண்டும்.

ஊரிலுள்ள பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரும் உறுப்பினர்கள். அடுத்த கூட்டத்துக்குச் செவிலியரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் அழையுங்கள். மாவட்ட மனநலக் குழு நம் வட்டாரத்து அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறது என்று கேட்டுப் பள்ளிப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். அதுவரை காத்திருக்க முடியாத பிள்ளை வீட்டில் இருந்தால், இன்றைக்கே உங்கள் போனைக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். 14416-ஐ இரவிலும் அழைக்கலாம்.