கானுக்குக் காசு

கேள்வி: எங்கள் வீதியின் கானைச் செப்பனிட நிதி திரட்டப் புறப்பட்டோம். பற்றுச்சீட்டுப் புத்தகத்தைக் கண்டதும் கதவைச் சாத்துகிறார்களே, என் செய்வது?
- ஒரு வாசகர், அலுவிகாரை

பதில்: மடியிலிருந்து காசு புறப்படும் வேளையில் மனிதன் பரம வேதாந்தியாகிவிடுவது உலக சுபாவம். ஆயினும், வலகம்பா மன்னன் காலத்தில் பிட்சுக்கள் திரிபிடகம் முழுவதையும் ஓலையில் எழுதி முடித்த ஊரில் இருந்துகொண்டு, ஒரு கானுக்காகத் தாங்கள் மனந்தளர்வது அழகன்று. விருதுநகரில் 1889-இல் தோன்றி, வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியையும், வியாபாரிகள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட மகமையையும் ஆதாரமாகக் கொண்டு வளர்ந்த க்ஷத்திரிய வித்தியாசாலையிலேதான் காமராஜர் படித்தார். பெருந்தொகை கேட்டால் யோசிக்கும் இல்லத்தரசி, பிடி அரிசிக்கு யோசிப்பதில்லை. யோசிக்க விடாமல் கேட்பதே வசூலின் சூட்சுமம். 1885-இல் நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணமின்றித் தவித்தபோது, கொடுத்தவர் பெயரையெல்லாம் தம் பத்திரிகையில் அச்சிடுவதாகப் புலிட்சர் அறிவிக்க, ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் ஒரு டாலருக்கும் குறைவாகவே அனுப்பி, ஒரு லட்சம் டாலரைச் சேர்த்துவிட்டார்கள். புகழாசை அத்தனை மலிவு! காசே இல்லையென்பாரிடம், 1958-இல் நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் அரியரத்ன தம் மாணவரோடு கனத்தோலுவைக் கிராமத்தில் தொடங்கிய சிரமதானத்தைச் சொல்லி, மண்வெட்டியோடு வரச் சொல்லுங்கள். கொடுத்தவர் பெயரையும் செலவுக் கணக்கையும் சந்தியில் ஒரே பலகையில் எழுதி வையுங்கள். சங்கத்துக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தை மட்டும், கான் வேலை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.