செகண்ட் ஆஃப் லேக்

கங்குவா படம் வந்த 2024 நவம்பரில், தியேட்டர் வளாகத்துக்குள் மைக் நீட்டும் யூடியூப் சேனல்களை விடாதீர்கள் என்று தயாரிப்பாளர் சங்கம் கேட்டுக்கொண்டது. வெளியாகி மூன்று நாளுக்கு விமர்சனமே கூடாதென வழக்கும் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது.

தந்திருந்தாலும் என்ன? வாட்ஸ்அப்பில் பெரியப்பா இருக்கிறாரே! இடைவேளையில் பஃப்ஸ் கடித்தபடியே தீர்ப்பு எழுதிவிடுவார்.

“ஃபர்ஸ்ட் ஆஃப் ஓகே, செகண்ட் ஆஃப் லேக்.” படம் பார்க்காமலே இதைச் சொல்லலாம். பெரும்பாலும் பலித்தும்விடுகிறது, அதுதான் சோகம். தயாரிப்பாளர்களே, அந்த மூன்று நாள் அவகாசத்தை எடிட்டருக்குக் கொடுத்துப் பாருங்களேன்.