கூட்டாக நடுங்குதல்: ஓர் ஆய்வுரை

அக்டோபரில் லண்டன் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் குளங்களின் நீர் 12 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அன்றைய வெப்பநிலையை உயிர்காப்பாளர் கரும்பலகையில் எழுதிவைப்பார். அதைப் படித்த பிறகும் மக்கள் நண்பர்களோடு இறங்குவது ஏன்? இக்கேள்வியே இவ்வாய்வின் பொருள்.

முதலில் வரலாறு. இது நேற்று முளைத்த கிறுக்கு அன்று. அதே நகரின் ஹைட் பார்க்கில் உள்ள செர்பென்டைன் ஏரியில் நீந்துவோர் 1864-லேயே சங்கம் கண்டுவிட்டனர். கிறிஸ்துமஸ் காலையில் அவர்கள் நடத்தும் 100 கெஜப் பந்தயத்துக்கு 1904-இல் கோப்பை கொடுத்தவர் ‘பீட்டர் பான்’ எழுதிய ஜே. எம். பாரி. ஹீத்தில் ஆண்கள் குளம் 1893-இலும் பெண்கள் குளம் 1920-களிலும் திறந்தன. பல் தந்தியடிப்பதற்கு அங்கே நூற்றாண்டு மரபு உண்டு.

அடுத்து உடலியல். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்தும். 15 டிகிரிக்குக் கீழான நீரில் சட்டென இறங்கினால் மூச்சு தன்னிச்சையாக உள்ளே இழுக்கும், இதயம் படபடக்கும். போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன் நெடுங்காலம் ஆராய்ந்த ‘குளிர் அதிர்ச்சி’ இதுதான். முதல் அரை நிமிடத்தில் உச்சம்; இரண்டு மூன்று நிமிடங்களில் தணியும்.

நண்பர் தேவைப்படுவது அந்த அரை நிமிடத்துக்குத்தான். “ஒன்றுமில்லை, இறங்கினால் பழகிவிடும்” என்பார் முன்னால் போனவர். கழுத்தளவு நீரில் நின்று சொல்லப்படும் இக்கூற்றில் உண்மை பாதி, தான் பட்டதைப் பிறரும் படட்டுமே என்ற பொதுநலம் பாதி. நாலு பேர் பார்க்க, முன் வைத்த காலைப் பின்வைக்க யாருக்கு மனம் வரும்?

ஆனால் இன்பத்தின் உச்சம் நீரில் இல்லை, கரையில் இருக்கிறது.

வெளியே வந்த பின்னும் சிறிது நேரம் உள்ளுடல் வெப்பம் இறங்கிக்கொண்டே போகும். எனவே நடுக்கம் முழுவீச்சில் வருவது உடை மாற்றும்போதுதான். ஈரக்காலில் காலுறை பாதியில் சிக்கும். மரத்த விரல்களுக்குப் பொத்தான் அகப்படாது. தெர்மாஸ் மூடியில் ஊற்றிய தேநீர் உதட்டை எட்டுமுன் மணிக்கட்டில் வழியும். நழுவும் ஆடைக்கு விரையும் கையை நட்புக்கு உவமையாக்கிய வள்ளுவர் ஜிப்பைக் கண்டதில்லை. நடுங்குபவரின் கோட்டு ஜிப்பை இன்னொரு நடுங்குபவர் இழுத்துவிடும் காட்சி அவருக்கு வலுவான சான்றாகியிருக்கும்.

இதற்கு அக்டோபர், அதாவது இலையுதிர்காலம், ஏன்? கோடையிலிருந்தே விடாமல் வருபவருக்கு நீர் சிறிது சிறிதாகத்தான் குளிர்கிறது. சில நிமிடங்கள் வீதம் ஐந்தாறு முறை இறங்கினாலே குளிர் அதிர்ச்சி வெகுவாகக் குறையும் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஜனவரியில் திடீரென ஞானோதயம் பெறுபவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஆய்வின் பரிந்துரைகள் வருமாறு: இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இறங்க வேண்டாம். மற்றவர்கள் தலைகுப்புறப் பாயாமல் படி வழியே மெல்ல இறங்கவும். தனியாகப் போகவே வேண்டாம். போகும் நண்பர்களில் ஒருவராவது தெர்மாஸ் எடுத்துவந்தாரா என்று ஆடையைக் கழற்றுமுன் உறுதிசெய்துகொள்ளவும்.